முழு உடம்புக்கும் கரண்டு

ஜீப்புக்குள் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். ஓடாத வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மூத்தவன் பழனிக்குமார். அவனுக்குப் பக்கத்தில், முன் சீட்டை நிறைத்துக்கொண்டு தாய்மாமன் சேனாதிபதி. பின்னால் இடப்பக்கப் பெஞ்சில் அம்மா காளியாயி, சேலைத் தலைப்பைக் காது வரை இழுத்து மூடியபடி. எதிர்ப் பெஞ்சில் பழனிக்குமாரின் மனைவி முருகேஸ்வரி, மடியில் ஒரு ஈரச் சாக்கு. கடைசியாக, பின்கதவை ஒட்டி, ஸ்டெப்னி டயரின் மேல் இளையவன் அஜய். யாரைப் பற்றிப் பேசக் கூடினார்களோ அவர் மட்டும் வண்டியில் இல்லை. வீட்டுக்குள் அடுப்போரம் உட்கார்ந்து விதைப்பூண்டு உதிர்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் வைத்துப் பேச முடியாது. அப்பா திருமலைச்சாமிக்கு அவ்வளவு கூர்மையான காது. மேல்மலையில் ஆடிச் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்ததால் வெளியிலும் நிற்க முடியாது. அதனால்தான் வண்டி. கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு, பூண்டு வாடைக்கு நடுவில் பேசினார்கள்.

"போன்ல முழுங்குனதையெல்லாம் விட்டுட்டு ஒழுங்காச் சொல்லு" என்றார் சேனாதிபதி. "டாக்டர் என்ன சொன்னான்?"

அஜய் சொன்னான். கொடைக்கானலில் ஏரிப் பக்கம் ஒரு காட்டேஜில் ரிசப்ஷன் வேலை பார்ப்பவன். பாதி இங்கிலீஷில் பேசுகிற டாக்டரோடு மல்லுக்கட்ட அவன்தான் லாயக்கு என்று, முதுகு வலியில் தவித்த அப்பாவோடு மதுரைக்கு அவனை அனுப்பியிருந்தார்கள். ரத்தப் பரிசோதனையிலேயே டாக்டருக்குச் சந்தேகம். சீக்கு உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்க, முழு உடம்புக்கும் ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். எடுத்தார்கள். படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து டாக்டர் அஜயைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார். தோலும் துணியும் இல்லாத அப்பா, வெள்ளையாக, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றார். முதுகெலும்பில், இடுப்பில், விலாவில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள்.

"எலும்புக்குள்ள இருக்குற மஜ்ஜையில வர்ற கேன்சராம், மாமா. இன்னும் கைமீறிப் போகலையாம். ஊசி மாத்திரை உடனே ஆரம்பிச்சா பல வருஷம் நல்லா நடமாடலாம்னாரு. ஆனா முதுகெலும்பு ரெண்டு எடத்துல அரிச்சுப்போய்க் கெடக்காம். குனியக் கூடாது, எடை தூக்கவே கூடாது. தூக்குனா நொறுங்கி நரம்பை அமுக்கிருமாம். கால் மரத்துச்சுன்னா அன்னிக்கே தூக்கிட்டு வந்துரணும், ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் கால் திரும்பாதுன்னாரு. அடுத்த வாரம் அட்மிஷனுக்கு வரச் சொல்லிருக்காரு."

காளியாயி அழ ஆரம்பித்தாள். சேனாதிபதி திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, அழுறதுன்னா சத்தமில்லாம அழு. மச்சானுக்கு இது தெரியுமாலே?"

"தெரியாது மாமா. அவரு வேற ஒண்ணு நெனச்சுக்கிட்டு இருக்காரு."

அந்த வேறொன்றை அஜய் இப்படித்தான் சொன்னான். போன வருஷம் காளியாயிக்கு முழங்கால் வலி வந்தபோது வத்தலக்குண்டில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் காலில் பட்டையைச் சுற்றி 'கரண்டு' வைத்தார்கள். வலி போய்விட்டது. கூடப் போன திருமலைச்சாமி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர். இப்போது மதுரையில் அவரையும் ஒரு பலகையில் படுக்க வைத்து, நெஞ்சு, வயிறு, தொடை என்று தட்டை தட்டையாகப் பட்டைகளை அடுக்கி வாரால் இறுக்கினார்கள். உருளைக்குள் தள்ளினார்கள். மோட்டார் ரூம் மாதிரி இரைச்சல். உடம்பு கதகதவென்று சூடானது. மூச்சைப் பிடி என்றபோது பிடித்தார், விடு என்றபோது விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தவர், வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே கேட்டார்:

"ஏலே, நல்லாக் கரண்டு வச்சிருக்காகடா. உங்காத்தாளுக்கு முட்டிக்கு மட்டும்தான் வச்சான். எனக்கு முழு உடம்புக்கும். அப்படித்தானே?"

அஜய் காலையிலிருந்து ஒரு டீ கூடக் குடித்திருக்கவில்லை. ரத்தத்தைப் பார்த்து டாக்டர் சொன்ன சந்தேகம் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் முடியுமோ என்றிருந்தது.

"ஆமாப்பா" என்றான்.

இதைச் சொல்லி முடித்ததும் சேனாதிபதி சிரித்தார். வயிறு குலுங்க, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் தோளில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"கோயில் கட்டிக் கும்புடணும்டா உங்கப்பனை. நம்ம சோலியை அவரே பாதி முடிச்சுட்டாரு!"

சோலி என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அஜய்க்கு அய்யம்பாளையத்தில் பெண் பேசியிருந்தது. பெண் பெயர் ரோகிணி, பி.எட். படித்தவள். ஆவணி பிறந்ததும் பெண் வீட்டார் வீடு பார்த்துத் தட்டு மாற்ற வருகிறார்கள், மாசக் கடைசியில் முகூர்த்தம். இழுத்துப் பிடித்து இந்தச் சம்பந்தத்தை முடித்துவைத்தவர் சேனாதிபதி.

"மாப்பிள்ளையோட அப்பனுக்குக் கேன்சர்னு காதுல விழுந்துச்சுன்னா பொண்ணைப் பெத்தவரு அடிவாரத்தைத் தாண்டி மேல ஏற மாட்டாரு" என்றார் அவர். "ரத்தத்துல ஓடுமா, பேரப்பிள்ளைக்கு வருமான்னு கேப்பாரு. படிச்ச குடும்பம். கல்யாணம் முடியட்டும். முடிஞ்ச மறுநாளே அட்மிஷன். நானே கூட்டிட்டுப் போறேன்."

"ஒரு மாசமாயிருமே, மாமா" என்றான் பழனிக்குமார்.

"வெட்டுன பூண்டே ஒரு மாசம் பரண்ல தாங்குது. மச்சான் தாங்க மாட்டாரா?"

அதுவரை வாய் திறக்காத முருகேஸ்வரி சொன்னாள்: "அப்ப மூட்டை தூக்காதீகன்னு மட்டுமாவது மாமாகிட்டச் சொல்லிருவோம். பூண்டு எடுக்குற சமயம். அவுக சும்மா இருக்க மாட்டாக."

"ஏன் தூக்கக் கூடாதுன்னு கேப்பாரே, என்னத்தச் சொல்லுவ?" சேனாதிபதி அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார். "கரண்டு வச்சுச் சரியாப்போன மனுஷனை எதுக்கு உக்கார வைக்கணும்? அவரு உக்காந்துட்டா ஊரே வந்து நிக்கும், 'திருமலைச்சாமிக்கு என்ன?'ன்னு. நீ உலையைப் பாரும்மா. இது ஆம்பளைக சோலி."

முருகேஸ்வரி அஜயைப் பார்த்தாள். அஜய் கண்ணாடியில் படிந்த ஆவியை விரலால் துடைத்து, வெளியே ஒன்றுமில்லாத மஞ்சுப் பனியைப் பார்த்தான். அவனுக்கு ரோகிணியைப் பிடித்திருந்தது. தினமும் ராத்திரி போனில் பேசுவாள். காட்டேஜ் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஹோம்ஸ்டே போடலாம் என்று அவளும் அவனும் ரூம் வரைக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு மாசம்தானே என்று அவனும் நினைத்தான்.

டாக்டர் அன்றைக்கு வலிக்குத் தற்காலிகமாகக் கொடுத்த மாத்திரைகள் நன்றாக வேலை செய்தன. திருமலைச்சாமி அதைச் சத்து மாத்திரை என்று விழுங்கிவிட்டு, வலி விட்டுப்போனதற்கான பெருமையை மெஷினுக்கே கொடுத்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். டீக்கடையில், ரேஷன் கடையில், தண்ணி திறக்கப் போன இடத்தில்.

"முழு உடம்புக்கும் கரண்டுப்பா. எலும்புக்குள்ள எறங்குது. இப்ப எனக்கு இருவத்தஞ்சு வயசு."

"பாத்துண்ணே, கைய நீட்டுனா பல்பு எரியப்போவுது" என்று கேலி செய்தார்கள். அவரும் பல்பு மாதிரி முகத்தை வைத்துக் காட்டினார்.

மனு எழுதுகிறவர் என்று அவருக்கு ஊரில் பெயர். தாண்டிக்குடிப் பள்ளிக்கூடத்தில் எட்டு வரை படித்தவர். அங்கே கற்றுக்கொடுத்த கடித முறையை இந்நாள் வரை மாற்றவில்லை. போனில் பேசினால் காற்றோடு போகும், எழுதினால்தான் நிற்கும் என்பார். மின்வாரியத்துக்கு, வனத்துறைக்கு, பஸ் டிப்போவுக்கு, எதுவானாலும் அனுப்புநர், பெறுநர், பொருள், கீழே எண் போட்ட விவரங்கள். காட்டுமாடு வேலியைப் பிடுங்கியது பற்றி எழுதிய மனுவில் மாட்டின் நடத்தையை ஆறு பிரிவாக எழுதியிருந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தடவை அஜய்க்குப் போன் வந்தது. முதல் தடவை "அடுத்த வாரம் வர்றோம் மேடம், ஃபேமிலி ஃபங்ஷன்" என்றான். இரண்டாவது தடவை எடுக்கவில்லை. அப்புறம் அந்த நம்பரை பிளாக் செய்தான்.

ஒரு நாள், ஒரேயொரு நாள், அப்பா விளைந்த பூண்டைக் கட்டுக் கட்டாகத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறி வருவதைப் பார்த்து, அவன் ஓடிப்போய் வாங்கினான்.

"தூக்காதீங்கப்பா."

"ஏன்டா?"

"சும்மா... வயசாச்சுல்ல."

"வயசு போச்சுடா. கரண்டு வச்சதுல அதுவும் சேந்து போச்சு." கட்டைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு நடந்தார். அதற்கு மேல் சொல்ல வேண்டுமென்றால் 'ஆமாப்பா' என்ற அந்த ஒரு சொல்லிலிருந்து எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். அஜய் நின்றுவிட்டான்.

ஆவணி பிறந்து பெண் வீட்டார் வந்தார்கள். இரண்டு வேனில் பதினைந்து பேர். குளிருக்கு மங்கி கேப் போட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து வெளுத்துப்போய் இறங்கினார்கள். அதே நேரம் பார்த்து, பூண்டு ஏற்ற கிபாயத்துல்லா பாயின் ஜீப்பும் வாசலுக்கு வந்தது. கொடைக்கானல் பஜாரில் பூண்டுக் கடை வைத்திருப்பவர். ரொம்ப வருஷப் பழக்கம்.

பாய் அஜயைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, அண்ணனுக்குக் கரண்டு வச்சாகளாமே. என் தங்கச்சி ஜஹீராவுக்கும் கரண்டு வச்சாங்க, மாசக்கணக்குல போய்ட்டு வந்தோம். அது கட்டிக்கு வச்சது, வேற சீக்கு. அண்ணனுக்கு அந்த மாதிரி எதுவும்..."

"சேச்சே, இது பிசியோ பாய். முதுகு வலிக்கு. புது மெஷின்."

பாய் அவன் முகத்தைப் பார்த்தார். "அல்லா காப்பாத்துவான்" என்று சொல்லிவிட்டு மூட்டைப் பக்கம் போனார்.

உள்ளே கேசரி, காபி. சம்பந்தி அமைதியான மனுஷர். காபி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சேனாதிபதியிடம் கேட்டார்: "மாப்பிள்ளையோட அப்பாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதாப் பேச்சு வந்துச்சுங்க. வரும்போது டீக்கடையில கூட என்னமோ மெஷினுன்னாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. பொண்ணைக் குடுக்குற எடம்."

சேனாதிபதி அசரவில்லை. எழுந்து சம்பந்தியின் கையைப் பிடித்து வாசலுக்கே அழைத்துப் போனார்.

"சொன்னா நம்ப மாட்டீக. நீங்களே பாருங்க. மச்சான்! அந்தப் பூண்டு மூட்டையைத் தூக்கி வண்டியில போடுங்க பாப்போம். சம்பந்திக்குச் சந்தேகமாம், நீங்க நோஞ்சானாம்!"

திருமலைச்சாமி புது வேட்டியில் இருந்தார். சிரித்தார். "மாப்ளே, விருந்தாளிக முன்னால வேட்டி அழுக்காகும்டா."

"அண்ணே, விடுங்க, நான் ஏத்திக்கிறேன்" என்று பாய் குறுக்கே வந்தார்.

"நீங்க தள்ளுங்க பாய். எங்க மச்சான் சிங்கம்."

முருகேஸ்வரி கதவு நிலையில் நின்று அஜயின் முதுகையே பார்த்தாள். காளியாயி உள்ளே கேசரிச் சட்டியைச் சுரண்ட ஆரம்பித்தாள். வெளியே நடப்பது காதில் விழாமலிருக்க அவளுக்கு அதுதான் அகப்பட்டது. பழனிக்குமார் வேன் டிரைவரிடம் ஏதோ வழி சொல்கிற மாதிரி நகர்ந்துவிட்டான். 'வேண்டாம்பா' என்று ஒரு சொல் போதும். சொல்லியிருந்தால் ஏன் என்று சம்பந்தி கேட்பார். அஜய் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் இளகிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து அவனுக்கும், வெட்கம் கெட்டு, ஒரு நிம்மதி வந்தது.

முதல் மூட்டையைத் திருமலைச்சாமி முழங்காலால் உந்தித் தோளுக்கு ஏற்றி, நாலு எட்டு நடந்து, ஜீப்பில் தொப்பென்று போட்டார். வேனில் வந்த பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"போதுங்க, போதுங்க" என்றார் சம்பந்தி, நிஜமாகவே சிரித்துக்கொண்டு.

"ஒண்ணு எப்படிப் போதும்? வண்டி ஒரு பக்கம் சாயாதா?" என்று சொல்லி அவர் இரண்டாவதுக்குக் குனிந்தார்.

சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். மூட்டை கையில் இருந்தபடியே உட்கார்ந்தார். கத்தவில்லை. மூட்டையை மெதுவாகப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுத் தன் கால்களைப் பார்த்தார், பக்கத்தில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்க்கிற மாதிரி.

"ஏலே அஜய், காலை எங்கடா காணோம்?"

பாயும் பழனிக்குமாரும் அவரை உள்ளே தூக்கிப் போனார்கள். "ஈரத்துல வழுக்கிருச்சுங்க. சுளுக்கு" என்று சேனாதிபதி வாசலில் சத்தமாகச் சொன்னார். "நல்ல நேரம் போகுது. வெரசாத் தட்டை எடுங்க." முன்கூடத்தில் தட்டு மாற்றினார்கள். சுவருக்கு அந்தாண்டை திருமலைச்சாமி கட்டிலில் கிடந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மஞ்சள் குங்குமம் தடவின நிச்சயக் கடிதத்தைப் பெரியவர் ஒருவர் வாசித்தபோது, "மணமகன் தந்தை திருமலைச்சாமி" என்ற இடத்தில் உள்ளேயிருந்து "ஆமா" என்று ஒரு குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

வேன்கள் இறங்கிப் போனதும் முருகேஸ்வரி பாயின் ஜீப்புக்குக் குறுக்கே நின்றாள். "இப்பவே மதுரைக்குக் கொண்டு போவோம். கால் மரத்தா அன்னிக்கேன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"பொண்ணு வீட்டு வேன் முன்னால போகுது" என்றார் சேனாதிபதி. "அதுக்குப் பின்னாலயே நீ இவரைப் படுக்க வச்சுக் கொண்டு போ. அய்யம்பாளையத்து ஆளுக வளைவுல வாந்தி எடுக்க நிக்கும்போது எட்டிப் பாக்கட்டும். நாளைக்கு வெள்ளனே பாத்துக்கலாம்."

மறுநாள் வெள்ளனே, பாலசமுத்திரத்திலிருந்து ஒரு கட்டு வைத்தியர் வந்தார். இடுப்பைச் சுற்றி மூங்கில் பத்தை வைத்து முட்டை வெள்ளையில் துணியை நனைத்துக் கட்டினார். அவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் இன்னொரு நாள் போனது. அஜய் ஒவ்வொரு காலையும் அப்பாவின் பெருவிரலைக் கிள்ளிப் பார்ப்பான். அவர் மேலே பரணைப் பார்த்துக்கொண்டு ரோகிணி வீட்டார் என்ன சாதிப் பூண்டு போடுகிறார்கள் என்று விசாரிப்பார். கிள்ளுவது அவருக்குத் தெரியாது.

அந்த வாரக் கடைசியில் அவர் பேப்பரும் அட்டையும் கேட்டார். கட்டிலில் படுத்தபடியே, அட்டையை நெஞ்சில் நிறுத்தி, மத்தியானம் முழுக்க எழுதினார். முடித்ததும் அஜயைக் கூப்பிட்டார்.

"படிச்சுப் பாரு. பிழை இருந்தாச் சொல்லு."

அனுப்புநர் இருந்தது. பெறுநர் இருந்தது, மதுரை ஆஸ்பத்திரியின் முழு விலாசம், டாக்டரின் பட்டங்களோடு. கீழே:

*பொருள்: முதுகு வலிக்கு முழு உடம்புக்கும் கரண்டு வைத்தமைக்கு நன்றி கூறுதலும், கால் விடுபட்டதைத் தெரிவித்தலும்.*

*ஐயா,*

*1. கடந்த ஆடி மாதம் தங்கள் ஆஸ்பத்திரியில் எனக்குக் கரண்டு வைக்கப்பட்டது. மூச்சைப் பிடிக்கச் சொன்னபோது பிடித்தேன். விடச் சொன்னபோது விட்டேன். என் தரப்பில் தவறு இல்லை.*

*2. அன்று முதல் முதுகு வலி அறவே இல்லாமல் இருந்தது. விவசாய வேலை அனைத்தும் செய்தேன்.*

*3. சம்பந்தி வந்த அன்று மூட்டை தூக்கியபோது இரண்டு கால்களும் மரத்துவிட்டன. தற்சமயம் அசைவு இல்லை. மூத்திரம் போவதும் தெரிவதில்லை.*

*4. இதில் தங்கள் பேரில் குறை இல்லை. பட்டைகளைத் தொடை வரைக்கும் மட்டுமே வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே வைக்கவில்லை. அதை நான் அப்போதே பார்த்தேன். பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததால் சொல்லவில்லை.*

*5. ஆகவே கால்களுக்கு மட்டும் இன்னொரு முறை கரண்டு வைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். என் இளைய மகன் கல்யாணம் ஆவணிக் கடைசியில் இருக்கிறது. அதற்குள் முடிந்தால் மணவறையில் நின்று ஆசீர்வாதம் செய்யத் தோதாக இருக்கும்.*

*இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.*

அஜய் இரண்டு தடவை படித்தான். இது போய்ச் சேர்ந்தால் அப்பாவிடம் யாரும் எதையும் சொல்லவில்லை என்று டாக்டருக்கு முதல் வரியிலேயே விளங்கிவிடும்.

"பிழை இருக்கா?"

"இல்லப்பா."

"ஒற்று விட்டிருப்பேன்னு பாத்தேன்."

"நானே கொடைக்கானல் போறப்ப போட்டுர்றேன்பா."

"நீ கல்யாணச் சோலியில மறந்துருவ. வெளிய பாய் வண்டி நிக்குது. சத்தம் கேக்குதுல்ல? அவர்கிட்டக் குடு. என் கண்ணு முன்னால ஒட்டிட்டுக் குடு."

கவரில் தபால்தலையை அவரே ஒட்டி வைத்திருந்தார். அஜய் கடிதத்தை மூன்றாக மடித்து உள்ளே வைத்தான். "கோந்து இல்லப்பா" என்றான். அடுப்படியிலிருந்து முருகேஸ்வரி வந்தாள். உள்ளங்கையில் நாலு சோற்றுப் பருக்கை. அவன் கையிலிருந்து கவரை வாங்கி, கட்டில் விளிம்பில் வைத்து, பருக்கையைக் கட்டைவிரலால் நசுக்கி ஓரம் முழுக்கத் தேய்த்து அழுத்தினாள். ஒரு மூலை பிரியாமலிருக்கத் திரும்பவும் அழுத்தினாள்.

"மதினி, என்கிட்டக் குடுங்க" என்றான் அஜய், மெதுவாக.

அவள் குடுக்கவில்லை. வாசலுக்கு நடந்தாள். அவன் பின்னாலேயே போனான். பிடுங்கியிருக்கலாம், ஆனால் ஜன்னல் வழியாக அப்பா தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய் அண்ணே, இதைப் பெட்டியில போடாதீக" என்றாள் முருகேஸ்வரி. "போஸ்டாபீஸ் உள்ள போய்க் கையில குடுங்க."

கிபாயத்துல்லா விலாசத்தை வாய்விட்டு வாசித்தார். ஆஸ்பத்திரியின் பெயருக்கு அடுத்து 'புற்றுநோய்ப் பிரிவு' என்று, ஆஸ்பத்திரிச் சீட்டில் அச்சடித்திருந்தபடியே திருமலைச்சாமி பார்த்து எழுதியிருந்தார். அது டாக்டர் உட்காரும் கட்டடத்தின் பெயர் என்று அவருக்கு எண்ணம். பாய் நிமிர்ந்து அஜயைப் பார்த்தார். கவரைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்னு சொல்லுங்க பாய்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "காலுக்கு மட்டும்தானே!"

வண்டி கிளம்பியது. முதல் வளைவில் மஞ்சு அதை மூடியது. மேற்கே மழை கறுத்திருந்தது. பெரிய மழை வந்தால் பாதையில் மண் சரியும், பாதை அடைபட்டால் தபால் இரண்டு மூன்று நாள் நிற்கும் என்று கணக்குப் போட்டபடி அஜய் அண்ணாந்து பார்த்தான்.